பெயர் மாறிப்போன களை

குளத்தில் மிதக்கும் ஒரு களையைப் பற்றி ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குகிறார் என்றால், “பிடுங்கிப் போட வேண்டியதுதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சென்னையின் கால்வாய்களில் மிதக்கும் இயந்திரங்கள் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிக்கின்றன. லாரி வருகிறது, ஏற்றிக்கொண்டு போகிறது. அடுத்த ஆண்டு அதே கால்வாயில் அதே செடி, அதே இயந்திரம். ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் நீர். நூறு டன் செடியை ஏற்றினால், தொண்ணூறு டன்னுக்கு மேல் கால்வாய்த் தண்ணீரைத்தான் டீசல் செலவழித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். பிடுங்கிப் போடுவது ஒரு வழிதான். ஆனால் வருடா வருடம் வாடகை கட்டுவதுபோன்ற வழி.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் உயிரியல் கட்டுப்பாட்டைப் பலரும் “வெளிநாட்டிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விடுவது” என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆதரிப்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள், எதிர்ப்பவர்களும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பூச்சி வருவது கதையின் கடைசிப் பகுதியில். அதற்கு முன் இந்தச் செடி எது, இதன் சொந்த ஊர் எது, அங்கே இதைத் தின்பது எது, அந்தத் தின்னிக்கு என்ன வேண்டும் என்ற கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. பார்த்தால் எந்தக் குளத்துக்கும் பயன்படாத படிப்பாளிக் கேள்விகள். ஆனால் நீர்க்களைகளின் வரலாற்றில் பூச்சி தோற்ற இடங்களையும் வென்ற இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வித்தியாசம் பூச்சியின் வீரத்தில் இல்லை, இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்திருந்ததா என்பதில்தான் இருக்கிறது என்பது தெரியும். சல்வீனியா என்ற மிதக்கும் பெரணியின் கதையைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது.

கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்றும் இலங்கையில் சல்வீனியா என்றே சொல்லியும் மக்கள் திட்டித் தீர்த்த செடி இது. பாயல் என்றால் பாசி. ஆனால் இது பாசியல்ல, பெரணி. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் வரும். இரண்டு நீரின்மேல் படுத்துக் கிடக்கும். மூன்றாவது நார்நாராகப் பிரிந்து நீருக்குள் தொங்கும், பார்ப்பவர்கள் அதை வேர் என்றே நினைப்பார்கள். வேரே இல்லாத செடி இது. மேல் இலையைக் கண்ணருகே கொண்டுவந்தால், வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு மயிர்கள் தெரியும். நான்கு நான்காக எழும்பி, வெளிப்பக்கம் வளைந்து, நுனியில் மறுபடி ஒன்றுசேரும். மோர் கடையும் மத்தின் தலையைப் போன்ற ஒரு கூண்டு. அந்தக் கூண்டுகளுக்குள் காற்று சிக்கிக்கொள்வதால் இலை நனைவதே இல்லை, அமுக்கினாலும் மேலே வந்துவிடும். இதன் செல்லில் குரோமோசோம்கள் ஐந்து தொகுதிகளாக இருக்கின்றன. ஒற்றைப்படை என்பதால் ஜோடி சேர வழியில்லை, வளமான வித்துகளும் உருவாவதில்லை. மலடான இந்தச் செடி துண்டு துண்டாக உடைந்தே பெருகுகிறது. வெப்பமும் சத்தும் வாய்த்தால் மூன்று நாட்களுக்குள் இரட்டிப்பாகிவிடும். ஒரு செடி மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால் அறுபது நாளில் பத்து லட்சம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அரை மீட்டருக்கு மேலும் தடிக்கும் இந்தப் பாயின் கீழே வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, மீனும் இல்லை.

1958 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் சாம்பெசி நதியில் கரீபா அணை மூடப்பட்டது. அடுத்த ஆண்டே நீர்த்தேக்கத்தில் இந்தச் செடி தென்பட்டது. 1962இல் அது ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தது. அப்போது இதை எல்லோரும் சல்வீனியா ஆரிகுலேட்டா என்றார்கள். அது தென் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இயல்பாக வளரும் ஓர் இனம். பெயர் தெரிந்துவிட்டதால் 1960களின் தொடக்கத்தில் டிரினிடாடை மையமாகக் கொண்டு அந்த ஆரிகுலேட்டாவைத் தின்னும் பூச்சிகளைத் தேடினார்கள். ஒரு வெட்டுக்கிளி, ஓர் அந்துப்பூச்சி, ஒரு கூன்வண்டு என்று மூன்று தேறின. அவை ஆப்பிரிக்காவுக்கும் பிற இடங்களுக்கும் போயின. வெட்டுக்கிளி 1974இல் கேரளத்துக்கும் வந்தது. அங்கங்கே தங்கின, கொறித்தன, களை அசையவில்லை. இதற்கிடையே கரீபாவின் களையைப் பற்றி டேவிட் மிட்செல் என்ற தாவரவியலாளர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பிலும் ஆரிகுலேட்டா என்ற பெயர்தான் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1972இல், இது ஆரிகுலேட்டா அல்ல, இதுவரை பெயரே சூட்டப்படாத தனி இனம் என்று அவரே அறிவித்து சல்வீனியா மொலெஸ்ட்டா என்று பெயர் வைத்தார். மொலெஸ்ட்டா என்றால் லத்தீனில் தொல்லை தருவது. தன் ஆய்வேட்டின் தலைப்பையே பிழையாக்கிய ஒரு கண்டுபிடிப்பை ஒருவர் தானே வெளியிட்டார் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். அதைவிட முக்கியம் அதன் விளைவு. செடி வேறு என்றால் அதன் சொந்த ஊரும் வேறு. பத்தாண்டுகளாகப் பூச்சி தேடியது அடுத்த வீட்டில்.

பெயர்க் குழப்பம் நம் மண்ணுக்கும் புதிதல்ல. 1795இல் விலையுயர்ந்த சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று நம்பி பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரம். சாயம் ஒப்பேறவில்லை, ஆனால் வேலிக் கள்ளிகளில் ஒரு வகையை அது அடியோடு சாய்த்தது. அதைப் பார்த்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கும், 1865 வாக்கில் இலங்கைக்கும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே கொண்டுபோனார்கள். களையைப் பூச்சியால் ஒழிக்கத் திட்டமிட்டு எடுத்த மிகப் பழைய முயற்சிகள் இவைதான். ஆனால் நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி சீண்டவில்லை. அதற்கு இன்னொரு இனப் பூச்சி 1926இல் இலங்கை வழியாக வரவேண்டியிருந்தது. இரண்டும் கள்ளி, இரண்டும் ஒரே குடும்பத்துப் பூச்சி. பார்த்தால் இரண்டின் மேலும் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் இருக்கும். ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை.

சல்வீனியாவுக்குத் திரும்புவோம். மொலெஸ்ட்டாவின் சொந்த ஊரைத் தேடிப் போன ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெண்டி ஃபோர்னோவும் கென் ஹார்லியும் 1978இல் தென்கிழக்கு பிரேசிலில் அதைக் கண்டார்கள். அங்கே அது யாருக்கும் தொல்லை தராமல் ஒரு மூலையில் இருந்தது. அதன்மேல் ஒரு கூன்வண்டு இருந்தது: கறுப்பு, இரண்டு மில்லிமீட்டர் நீளம், ஒரு கடுகைவிடச் சற்றே பெரிது. டிரினிடாடிலிருந்து முன்பே கொண்டுவந்து தோற்ற அதே கூன்வண்டுபோலவே இருந்தது. அதே பெயரில்தான் எழுதினார்கள். 1980இல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா நகருக்கு அருகிலுள்ள மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டும் சில மாதங்களும் போவதற்குள் 200 ஹெக்டேரில் கிடந்த 18,000 டன் களை அழிந்தது. ‘நேச்சர்’ இதழில் 1981இல் அந்த வெற்றிச் செய்தி வந்தபோதும் வண்டின் பெயர் பழைய பெயர்தான். பழைய வண்டு தோற்ற வேலையை இந்த வண்டு எப்படிச் செய்தது என்ற கேள்வியை விடாமல் பிடித்தவர்கள் இரண்டையும் அருகருகே வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்த வண்டுகள் அச்சு அசலாக ஒன்றுபோல, புழுக்கள்தான் வேறு. டிரினிடாட் புழு வெளியிலிருந்து இலையையும் மொட்டையும் கொறிப்பதோடு சரி. பிரேசில் புழு தண்டுக்குள் நுழைந்து குடைந்துகொண்டே போகிறது. தண்டு அறுந்து, செடி நீர் கோத்து, மூழ்கிப்போகிறது. 1985இல் இந்த வண்டும் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டு சிர்ட்டோபேகஸ் சல்வீனியே என்று பெயர் பெற்றது. ஆக, களைக்கும் பெயர் தவறு, வண்டுக்கும் பெயர் தவறு. இருபது ஆண்டுத் தோல்வியை விளக்க இந்த இரண்டு பிழைகளே பெரும்பாலும் போதும். ‘நேச்சர்’ இதழில் 1986இல் இதைத் தொகுத்து எழுதியபோது தலைப்பிலேயே வகைப்பாட்டியலையும் கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

சரியான செடி, சரியான வண்டு கிடைத்தபின் மிச்சம் எளிது என்று நினைத்தால், பாப்புவா நியூ கினி வேறு பாடம் நடத்தியது. செபிக் நதியின் வெள்ளச் சமவெளியில் 1970களின் தொடக்கத்தில் யாரோ போட்ட சில செடிகள், பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிட்டன. சுமார் 80,000 பேருக்கு அந்த நதிதான் சாலை, சந்தை, சமையலறை. தோணி போக வழியில்லாமல் ஊரையே விட்டுப் போனவர்கள் உண்டு. 1982இல் மூண்டாராவில் வென்ற வண்டையே கொண்டுவந்து விட்டார்கள். வண்டு சாகவில்லை; ஆனால் பெருகவும் இல்லை. பருவநிலை பொருத்தம், எதிரிகள் இல்லை, உணவு கண்ணுக்கெட்டிய தூரம்வரை. பின்னே என்ன? அங்கே பணியாற்றிய பீட்டர் ரூமும் தாமஸும் செடியை உலர்த்தித் தழைச்சத்தை அளந்தார்கள். உலர் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் இருந்தது. வண்டின் பார்வையில் அது சக்கைச் சோறு: வயிறு நிறையும், முட்டையிடத் தெம்பு வராது. அதனால் அவர்கள் செய்தது விவசாயி எவரும் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் காரியம். ஒழிக்க வேண்டிய களைக்கு யூரியா போட்டார்கள். ஒரு சிறு பரப்பில், வேலி கட்டியதுபோல் அடைத்து. தழைச்சத்து ஒரு விழுக்காட்டைத் தாண்டிச் சிறிது ஏறியதுமே வண்டுகள் மளமளவென்று பெருகின. அதன்பின் யூரியாவும் தேவைப்படவில்லை. மொட்டுகள் கடிபட்ட செடி துளிர்க்கும்போது புதுத் துளிரில் தழைச்சத்து தானாகவே கூடியது; வண்டு தன் சாப்பாட்டைத் தானே ஊட்டமாக்கிக்கொண்டது. அங்கே பெருகியவற்றைச் சாக்கில் அள்ளி மற்ற குட்டைகளில் கொட்டினார்கள். 1985 வாக்கில் 250 சதுர கிலோமீட்டர், 2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. அழிந்த களை ஏறத்தாழ 20 லட்சம் டன். களையின் இலையில் தழைச்சத்து எவ்வளவு என்பது முனைவர் பட்டத்துக்கான கேள்வியா என்று கேட்பவர்களுக்கு அந்த 20 லட்சம் டன்னைத்தான் காட்ட வேண்டும்.

அதற்குப்பின் வந்த ஊர்களில் வேலை சுருக்கமாக முடிந்தது. பெங்களூரில் ஒரு அல்லிக்குளத்தில் 1983-84இல் விட்டார்கள்; பதினோரு மாதத்தில் குளம் தெளிந்தது. அதே காலத்தில் கேரளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தார் விட்ட வண்டுகள் சில ஆண்டுகளில் குட்டநாட்டு வாய்க்கால்களில் கைவிடப்பட்ட படகுப் போக்குவரத்தை மீட்டுத் தந்தன. இலங்கையின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே 1939இல் செடியை வரவழைத்ததே கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வந்தது வயலிலும் வாய்க்காலிலும் இறங்கிவிட்டது. ஆக, படிப்பாளிகள்மேல் விவசாயிக்குக் கோபம் இருந்தால் அதற்கும் வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. 1986இல் வண்டு வந்தது. பிறகு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுக்காகச் செய்த பொருளாதார மதிப்பீட்டில், போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் பயன் என்று கணக்கு வந்தது. இந்தக் கணக்கிலேயே ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. களைக்கொல்லியை ஆண்டுதோறும் விற்கலாம். இயந்திரத்தை விற்கலாம், ஒப்பந்தம் எடுக்கலாம். கூன்வண்டை ஒருமுறைதான் கொடுக்க முடியும், அதன்பின் அது தானே பெருகித் தானே பக்கத்துக் குளத்துக்குப் போய்விடும். லாபம் முழுக்க ஊருக்கு, விற்றவருக்கு ஒன்றுமில்லை. அதனால் எந்தக் கம்பெனியும் இதற்குப் பணம் போடாது. பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் ஆராய்ச்சி மாணவர்களும் செய்யாவிட்டால் இதைச் செய்ய ஆளில்லை.

இனி எதிர்க்கேள்விகள். முதலாவது எல்லோரும் கேட்பது: களை தீர்ந்ததும் பூச்சி நெல்லுக்குத் தாவினால்? கேட்பவர்கள் வழக்கமாக ஆஸ்திரேலியாவின் தேரையை எடுத்துக்காட்டுவார்கள். 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து கொண்டுவந்தார்கள். தேரை கரும்பு வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. ஆனால் தேரை வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் பிராணி என்பது அன்றே தெரிந்ததுதான். அது சோதித்து அனுப்பிய உயிரி அல்ல. இன்று ஒரு பூச்சியை வெளியே விடுமுன் நடக்கும் சோதனை வேறு மாதிரி. இரட்டைக் கதவு போட்ட தனிமைக் கூடத்தில், ஒரு டப்பாவுக்குள் ஒரே ஒரு சோதனைச் செடி, சில வண்டுகள்; வேறு தீனி கிடையாது. தின்றதா, கடித்துப் பார்த்துத் துப்பியதா, முட்டையிட்டதா, முட்டை பொரிந்ததா, புழு வளர்ந்து வண்டானதா என்று நாள்தோறும் எண்ண வேண்டும். பிறகு அடுத்த செடி. களைக்கு மிக நெருங்கிய உறவில் தொடங்கி விலகி விலகிப் போவது முறை. சல்வீனியாவின் நெருங்கிய உறவு, நெல் வயலில் உரத்துக்காக நாமே வளர்க்கும் அசோலா. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி அதைத் தின்னுமா என்பதுதான், நெல்லைத் தின்னுமா என்பது அல்ல. ஒரு மாணவரின் இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த டப்பாக்களிலேயே போய்விடுவது உண்டு. பெரும்பாலான நாட்களில் அவர் குறிப்பேட்டில் எழுதுவது பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியங்களைத்தான் அரசு அனுமதி தருகிறவர்கள் படிக்கிறார்கள்.

அப்படியும் தவறு நேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1926 முதல் கள்ளிக்காடுகளை அழித்துப் புகழ்பெற்ற காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியை 1957இல் கரீபியத் தீவுகளில் விட்டார்கள். அது 1989இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே இயல்பாக வளரும் அரிய கள்ளிகளுக்கு இன்று அது ஆபத்து. கள்ளியே இயற்கையாக இல்லாத கண்டத்தில் பொருந்திய விடையை, கள்ளி சொந்தப் பயிரான கண்டத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்தது பூச்சியின் குற்றமல்ல. ஆனால் குற்றம்தான், இதை மழுப்பத் தேவையில்லை. நம் பக்கத்தில் நடந்தது இதற்கு மறுபுறம். பார்த்தீனியத்தைத் தின்ன மெக்சிகோவிலிருந்து வந்த வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அது சூரியகாந்தி இலையைத் தின்பதைப் பார்த்த விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். வண்டு விடுவது நின்றது. ஆராய்ந்து பார்த்ததில், பக்கத்தில் பூத்த பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்தது. அந்த வாசனையில் ஏமாந்து வண்டு கடித்திருந்தது. விவசாயி பார்த்தது பொய்யல்ல. ஆனால் பார்த்ததற்குக் காரணம் என்னவென்று தெரிந்துகொள்ள, மறுபடியும் யாரோ ஒருவர் இலை இலையாக மகரந்தம் தடவி, தடவாமல், வண்டு விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இரண்டாவது எதிர்க்கேள்வி கூர்மையானது. களை தானாகவே போயிருக்கும், வண்டு பேர் வாங்கிக்கொண்டது என்பது. கரீபாவில் அப்படித்தான் பெரும்பாலும் நடந்தது. புதிதாய் மூழ்கிய காட்டின் சத்து கரைந்து தீர்ந்ததும் சல்வீனியா சரிந்தது. டிரினிடாட் வெட்டுக்கிளிக்கு அதில் பங்கு எவ்வளவு என்பது வாதத்துக்குரியது. விக்டோரியா ஏரியில் ஆகாயத்தாமரைக்கு 1995இல் உகாண்டா தொடங்கிக் கூன்வண்டுகளை விட்டார்கள். சில ஆண்டுகளில் களை பெருமளவு சரிந்தது. 1997-98இன் எல் நினோ மழையும் மேகமூட்டமும்தான் காரணம் என்று ஒரு சாரார் 2005இல் எழுதினார்கள். இல்லை, வண்டுதான் என்று இன்னொரு சாரார் 2007இல் மறுத்தார்கள். மழைக்கு முன்பே செடிகளில் வண்டின் சேதம் ஏறிக்கொண்டிருந்தது, அலையால் உடைவதற்குச் செடியைத் தயாராக்கியதே அதுதான் என்பது அவர்கள் பக்கம். இரண்டாவது தரப்பே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும் இந்த வழக்கை ஏரிக்கரையில் நின்று தீர்க்க முடியாது. ஒரு பாத்தியில் பூச்சிமருந்து தெளித்து வண்டைத் தடுத்து, அடுத்ததைத் திறந்துவிட்டு, இரண்டையும் ஒரே மழையில் நனையவிட்டு எடை போட்டால்தான் தெரியும். ஆராய்ச்சி வேண்டாம் என்பதற்காகச் சொல்லப்படும் இந்த வாதம் கடைசியில் இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சியைத்தான் கேட்கிறது.

ஆகாயத்தாமரையில் கூடை பின்னலாம், உரம் செய்யலாம், சாண எரிவாயுக் கலனில் போடலாம் என்பவர்களும் உண்டு. செய்யலாம். ஆனால் கூடைக்குத் தேவை சில வண்டிகள். ஏரியில் கிடப்பது ஆயிரக்கணக்கான டன். தொழில் என்று ஆகிவிட்டால் களை தீரக்கூடாது என்று நினைக்கும் ஒரு கூட்டமும் உருவாகிவிடும். இதைவிடக் கனமான வாதம் சாக்கடையைப் பற்றியது. ஊர்க் கழிவும் வயல் உரமும் ஏரியில் கலக்கும்வரை ஒரு களை போனால் இன்னொன்று வரும். முழுக்க உண்மை, கேரளத்திலும் இலங்கையிலும் சல்வீனியா விட்ட இடத்தில் பல நீர்நிலைகளை ஆகாயத்தாமரை பிடித்துக்கொண்டது. தென்னாப்பிரிக்க ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை வண்டு தின்னும் வேகத்தைவிட வேகமாக வளர்கிறது. செபிக்கில் தழைச்சத்துக் குறைவு வண்டைத் தோற்கடித்தது, இங்கே மிகுதி தோற்கடிக்கிறது. ஆகவே சாக்கடையைத் தடுப்பது வண்டுக்கு மாற்று அல்ல, வண்டு வெல்வதற்கான நிபந்தனை. எவ்வளவு குறைத்தால் போதும் என்ற எண் இருந்தால் மாநகராட்சியிடம் அதைக் கேட்கலாம். அந்த எண்ணையும் யாராவது ஒருவர் தொட்டி தொட்டியாக அளந்துதான் தரவேண்டும்.

கடைசியாக, நமக்கு மிக நெருங்கிய கேள்வி. ஆகாயத்தாமரையைத் தின்னும் இரண்டு கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டனவே, பெங்களூர்க் குளங்களில் வென்றனவே, அப்படியானால் நம் ஏரிகள் ஏன் இன்னும் பச்சையாக இருக்கின்றன? சாக்கடை ஒரு காரணம். அள்ளும் இயந்திரமே இன்னொன்று: வண்டின் முட்டையும் புழுவும் இலைக்காம்புக்குள்தான் இருக்கின்றன, களையோடு சேர்த்து அதன் எதிரியையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். மூன்றாவது, தமிழ்நாட்டு ஏரிக்கே உரியது. விக்டோரியா ஏரி வற்றுவதில்லை. நம் ஏரிகள் பல சித்திரை வைகாசியில் வெடித்துக் கிடக்கும். ஆகாயத்தாமரை சல்வீனியாவைப்போல் மலடு அல்ல. அதன் விதை சேற்றுக்குள் பதினைந்து இருபது ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். வண்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. முழு வளர்ச்சியடைந்த புழு காம்பைவிட்டு இறங்கி, நீருக்குள் தொங்கும் வேரின் மெல்லிய இழைகளை அறுத்துச் சுற்றி, கூடு கட்டி அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. ஏரி வற்றி, செடி சேற்றில் வேர் ஊன்றிவிட்டால் கூடு கட்ட இடமே இல்லை. ஐப்பசியில் முதல் தண்ணீர் வந்ததும் விதை முளைக்கிறது. வண்டு வர, முட்டையிட, பெருக மாதங்கள் ஆகும். அதற்குள் ஏரி மூடிவிடுகிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் ஆய்வாளர்கள் கற்பூரவல்லி இலைப்பொடியையும் பூச்சிகளையும் இணைத்துப் பார்த்தது இந்த மாதிரிச் சூழலுக்கான முயற்சிதான். இன்னொரு வழி, வற்றாத ஒரு குட்டையில் வண்டுகளைக் கோடை முழுக்கக் காப்பாற்றி, ஐப்பசியில் முளைக்கும் நாற்றுகளின்மேல் கொண்டுவந்து விடுவது. எத்தனை நாற்றுக்கு எத்தனை வண்டு, மழை வந்த எத்தனையாவது நாளில் என்பதை பிரேசிலிலோ உகாண்டாவிலோ கேட்டுப் பயனில்லை. இங்கே, வற்றும் ஏரியின் சேற்றில், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு இலையிலும் வண்டு கடித்த சின்னச் சின்ன வட்டத் தழும்புகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.